யாருமற்ற மலை

அன்புள்ள ஐயாவுக்கு,

பல்லடத்தில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெள்ளியங்கிரி மூன்று முறை ஏறியிருக்கிறேன். வரும் நவம்பரில் ஜோர்டான் போய், வாடி ரம் பாலைவனத்தின் தெற்கே, சவூதி எல்லையை ஒட்டி நிற்கும் ஜபல் உம் அத் தாமியில் தனியாக ஏறத் திட்டம். அந்த நாட்டிலேயே உயரமான மலை, 1854 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவுதான். வழியெங்கும் கல்லடுக்கி அடையாளம் வைத்திருக்கிறார்களாம். அதனால் வழிகாட்டிக்குச் செலவழிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். யாருமே இல்லாத இடத்தில் ஒரு பகல் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. எந்த மாதிரி ஷூ வாங்கலாம்? எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? கைப்பேசி வரைபடம் போதுமா? வீட்டில் பயப்படுவார்கள் என்று கோவா போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

போன வாரம் சூரிய மின்தகடு பதிக்க நிலம் தேடி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், இருக்கிறது. "சும்மாதானே கிடக்கிறது, ஒன்றுமில்லையே" என்றார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த "ஒன்றுமில்லை" மனதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. இப்போது நீங்கள் "யாருமே இல்லாத இடம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் தண்ணீர். நான்கு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏறும் முன்பே வயிறு நிறையக் குடியுங்கள். உயரத்தைத் தொட்டபெட்டாவோடு ஒப்பிட்டதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். தொட்டபெட்டாவில் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சோளக்கதிர் தின்பதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. வெள்ளியங்கிரியையும் இதில் சேர்க்காதீர்கள். அங்கே முன்னாலும் பின்னாலும் ஆயிரம் பேர், கையில் மூங்கில் தடி, நடுவில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை. அது ஊரோடு சேர்ந்து ஏறியது தம்பி.

என் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி செம்மறி வைத்திருந்தார். கல்லூரியில் படித்தபோது, ஒரு சித்திரை மாதம், மதுரைப் பக்கத்து நண்பன் ஒருவனை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். இட்டேரி வழியாக நடந்து, கிளுவை வேலிக்கு நடுவே இருந்த கடவில் மூங்கில் படலை நகர்த்தி உள்ளே நுழைந்தோம். கண்ணுக்கெட்டிய மட்டும் சாம்பல் நிறம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். "என்னடா, பொட்டல்காடு!" என்றான் நண்பன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அப்பிச்சி ஒன்றும் பேசவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாடு கடித்துக் கட்டையாகிப் போயிருந்த கொழுக்கட்டைப் புல்லின் ஒரு தாளைப் பிடித்து, கணுவில் கட்டைவிரல் நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே நூல் கனத்துக்குப் பச்சை. பிறகு மரத்தடியில் உதிர்ந்திருந்த வெள்வேலங்காயைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். அந்தக் கோடையில் ஆடுகளுக்கு அதுதான் தீனி.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். மாலையில் திரும்பும்போது கடைசியாக வெளியே வந்தவர்கள் நாங்கள் இருவரும். படலைச் சாத்தவில்லை. மறந்துவிட்டோம் என்று அன்றைக்குச் சொன்னேன். உண்மையில் மறக்கவில்லை. பொட்டல்காட்டுக்குக் கதவு எதற்கு என்ற நினைப்பு. இரவில் பதினொரு ஆடுகள் வெளியேறி, பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தில் இறங்கிவிட்டன. அப்பிச்சி அரிக்கேன் விளக்கோடு விடியும்வரை அலைந்தார். ஒன்பது கிடைத்தன. அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த முறை நான் போனபோது படலை அவரே நகர்த்தி, அவரே சாத்தினார்.

இப்போது உங்கள் மலைக்கு வருகிறேன். ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பூமி அது. ஆனாலும் வாடி ரம் பாறைகளில் மனிதர்கள் கீறிய உருவங்கள் இருபத்தைந்தாயிரம், எழுத்துகள் இருபதாயிரம். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 2011-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தபோது இயற்கைக்காக மட்டும் சேர்க்கவில்லை, பண்பாட்டுக்காகவும் சேர்த்தது. இன்றும் ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் பாலைவனத்து அரபு மக்களான பெதூயின்கள் அங்கே வாழ்கிறார்கள். ரம் கிராமத்திலிருந்து (பெயரைக் கேட்டு உங்கள் நண்பர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது) மணலில் ஜீப் ஓட்டி அடிவாரத்தில் உங்களை இறக்கிவிடப்போகிறவர் அவர்களில் ஒருவர்தான். அவர் ஓட்டினால்தான் நீங்கள் அந்த "யாருமே இல்லாத" இடத்துக்கே போய்ச் சேர முடியும்.

கல்லடுக்கு இருப்பதால் ஆள் வேண்டாம் என்கிறீர்களே, அந்தக் கல்லை யார் அடுக்கியது? காற்றா?

இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. 2018 அக்டோபரில் அதே ஜோர்டானில், சாக்கடல் பக்கம் திடீர் வெள்ளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலா வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள். பாலைவனத்தில் மண் தண்ணீரைக் குடிப்பதற்குள் ஓடை நிரம்பிவிடும். எங்கோ பெய்த மழை, மேகமே இல்லாத வானத்தின் கீழ் உங்கள் காலடியில் ஓடும். உங்கள் நவம்பரும் அந்தப் பருவத்தில்தான் வருகிறது. எந்தப் பள்ளத்தில் கூடாரம் போடக் கூடாது என்பது கைப்பேசி வரைபடத்தில் இருக்காது. ஜீப் ஓட்டுபவருக்குத் தெரியும். அவரையே மலைக்கும் கூட்டிக்கொள்ளுங்கள், கேட்கும் கூலியைக் கொடுங்கள். உச்சியில் தனியாக உட்கார வேண்டுமென்றால் சொல்லுங்கள், தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். ஆடு மேய்க்கிறவர்களுக்கு அது நன்றாக வரும்.

ஷூ பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கி, பல்லடத்திலேயே ஒரு மாதம் நடந்து பழக்கிவிடுங்கள்.

வானம் தெளிவாக இருந்தால் அந்த உச்சியிலிருந்து செங்கடல் தெரியும். அம்மா கோவா கடலைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் அதை அனுப்பிவிடலாம் என்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேண்டாம். இன்று இரவு சாப்பிடும்போது எந்த நாடு, எந்த மலை, எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார். சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.