பன்றிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரி வரை போகிறவர்கள் யார்? டாக்டர் பதில்கள்

வணக்கம் டாக்டர். பன்றிக் காய்ச்சல் வந்தால் பிழைப்பது கஷ்டமா? (தேனி வாசகர்)

இல்லை. பெரும்பாலானோர் வீட்டிலேயே தேறிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவுக்கு முற்றியவர்களின் கணக்குதான் வேறு. இது உலகெங்கும் பரவிய 2009இல், ஏப்ரல் முதல் ஜூன் வரை அமெரிக்காவில் அப்படிச் சேர்ந்த 272 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். நான்கில் ஒருவருக்கு ஐசியூ தேவைப்பட்டது. 7 சதவீதம் பேர் இறந்தார்கள். சாதாரணக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருப்பவர் இந்த எண்களைத் தனக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்பாவுக்கு 72 வயது. வயதானவர்களைத்தானே முதலில் தாக்கும்?

2009இல் நடந்தது தலைகீழ். அந்த 272 பேரில் 45 சதவீதம் பேர் 18 வயதுக்குக் கீழ். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 5 சதவீதம்தான். இதற்கு நெருக்கமான பழைய கிருமிகளைச் சின்ன வயதிலேயே சந்தித்த பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆனால் நோய் முற்றிச் சேர்ந்துவிட்டால் வயது கைகொடுப்பதில்லை. கலிபோர்னியாவில் அதே ஆண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த அல்லது இறந்த 1,088 பேரில், 50 வயதைத் தாண்டியவர்களிடம்தான் இறப்பு விகிதம் அதிகம். அப்பாவை அலட்சியமாக விடாதீர்கள்.

என் நண்பனுக்கு 32 வயது, எந்த வியாதியும் இல்லை. ஐசியூவில் இருக்கிறான். எப்படி?

272 பேரில் 73 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் போன்ற ஏதோ ஒன்று ஏற்கெனவே இருந்தது. மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. உங்கள் நண்பர் அந்த வரிசை. கிருமி நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் ஆக்சிஜன் மளமளவென்று குறையும். அதிக உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டும். அவர் தேறி வரட்டும்.

மேடம், நான் ஏழு மாத கர்ப்பிணி. நேற்றிலிருந்து காய்ச்சல், இருமல். குழந்தைக்கு ஆகாது என்று மாத்திரை வேண்டாம் என்கிறார் மாமியார்.

அம்மா, இன்றே டாக்டரைப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், அவர் பயமும் தீரும். 2009இல் கலிபோர்னியாவில் சேர்ந்த 94 கர்ப்பிணிகளிலும், அண்மையில் பிரசவமான 8 பெண்களிலும் 22 பேர் ஐசியூவுக்குப் போனார்கள். 8 பேர் இறந்தார்கள். கர்ப்பிணிகளில் பெரும்பாலானோர் மூன்று மாதம் தாண்டியவர்கள். இரண்டு நாளுக்குள் மருந்து தொடங்காத கர்ப்பிணிகளுக்கு ஐசியூ அல்லது மரண ஆபத்து சுமார் நாலு மடங்கு இருந்தது. இந்தக் கிருமியை ஒடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நீங்கள் நன்றாக இருந்தால்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆக்சிஜன் போகும். மூச்சு வாங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

ரேபிட் டெஸ்ட் நெகடிவ். அப்படியானால் பயமில்லைதானே?

கலிபோர்னியாவில் நோய் உறுதியானவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த டெஸ்ட் 'இல்லை' என்றது. ஆபத்துப் பிரிவில் இருப்பவருக்கு அறிகுறிகள் இருந்தால், இன்னும் துல்லியமான பிசிஆர் டெஸ்டின் முடிவு வரும் முன்பே டாக்டர் மருந்து தொடங்குவார். தடுக்காதீர்கள்.

பன்றிக்கறி சாப்பிடலாமா?

நன்றாக வெந்ததைத் தாராளமாக. இது இருமல், தும்மல் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது.

நாலு நாள் ஆகிவிட்டது. இனி மருந்தால் பயன் உண்டா?

முதல் இரண்டு நாள்தான் சிறந்த நேரம். ஆனால் மோசமாகிச் சேர்ந்தவர்களுக்குத் தாமதமானாலும் கொடுக்கிறோம், பலன் இருக்கிறது. காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தால், நெஞ்சு வலித்தால், உதடு நீலமானால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.