கொங்கூஸ்லர் என்றால் யார்? அபூர்வ ஆங்கிலச் சொற்களோடு விளையாட்டு: கேள்வி பதில்

கூட்டாளிகளோடு சேர்ந்து, அதிகம் புழங்காத ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொண்டு பேசி விளையாடுவது பற்றிக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ளவர்கள் கேட்டவை இவை. சொற்களை உச்சரிப்புக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

செந்தூலிலிருந்து: அண்ணே, ‘500 அரிய சொற்கள்’ என்று ஒரு பட்டியலை இறக்கி வைத்தேன். இரண்டு வாரம் படித்தும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எங்கே தப்பு?

பட்டியலில்தான். அதில் பாதிச் சொற்களுக்கு ஆயுசு முழுக்க வேலை வராது. பொருள் உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆங்கிலத்தில்தான் ஒற்றைச் சொல் கிடைக்காமல் இழுக்கிறீர்கள் என்றால் அங்கே தொடங்குங்கள். ‘நாளை மறுநாள்’ என்கிறோம், மலாயில் ‘லூசா’. ஆங்கிலத்தில் ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ என்று நாலு சொல். முன்பு அதற்கு ‘ஓவர்மாரோ’ என்று ஒரு சொல் இருந்தது, வழக்கொழிந்துபோனது. “ஓவர்மாரோ எட்டு மணிக்கு மாமாக் கடை” என்று வாட்ஸ்அப்பில் போட்டுப் பாருங்கள். ஒருவன் “என்னடா இது?” என்பான், இன்னொருவன் புரிந்துகொண்டு பதில் போடுவான். அந்தச் சொல் இனி மறக்காது.

அடுத்து, கைக்கெட்டும் பொருள்கள். சப்பாத்துக் கயிற்றின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை ‘ஆக்லெட்’. சிறிய ஐ எழுத்தின் மேலுள்ள புள்ளி ‘டிட்டில்’. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் ‘ஃபில்ட்ரம்’. நம் மண்வாசனைக்கு ‘பெட்ரிகோர்’. இது 1964இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய பெயர். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை, ஈகோர் என்றால் தேவர்களின் உடம்பில் ஓடும் இரத்தம்.

வாரத்துக்கு இரண்டு சொல் போதும். கற்ற அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று நான்கு தடவை வாய்விட்டுப் பயன்படுத்துங்கள். எழுதிப் பார்ப்பது கணக்கில் வராது. குரல்பதிவாக அனுப்பினால் வரும். ஐந்து சொல்லுக்கு ஆசைப்பட்டால் மூன்றாம் வாரத்தில் குழுவே அடங்கிவிடும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் கூடுகிறோம். அகராதியை வைத்து ஒரு விளையாட்டு இருக்கிறதாமே, எப்படி ஆடுவது?

ஆங்கிலத்தில் ‘ஃபிக்‌ஷனரி’ என்பார்கள். கடையில் வாங்க எதுவும் இல்லை: தடித்த ஆங்கில அகராதி ஒன்று, ஒரே அளவில் வெட்டிய துண்டுச் சீட்டுகள், எல்லாருக்கும் ஒரே நிற மையுள்ள பேனா. ஐந்தாறு பேர் சரியான கூட்டம். மூன்று பேர் என்றால் ஊகிப்பது சுலபம். எட்டைத் தாண்டினால் சீட்டு வாசிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

சுற்றுக்கு ஒருவர் அகராதிக்காரர். அவர் ஒரு சொல்லைப் பொறுக்கி, எழுத்து எழுத்தாகவும் சொல்வார். யாருக்காவது பொருள் தெரிந்தால் சொல்லை மாற்ற வேண்டும். இதில் நேர்மை முக்கியம். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் ஆளுக்கொரு பொய்ப் பொருள் எழுதிக் கொடுப்பார்கள். அகராதிக்காரர் மெய்ப்பொருளைத் தானும் ஒரு சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் கலைத்து, இரண்டு தடவை வாசிப்பார். பிறகு வாக்கு. மெய்யைக் கண்டுபிடித்தால் 2 புள்ளி. உங்கள் பொய்க்கு விழும் ஒவ்வொரு வாக்குக்கும் 1. ஒருவர்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் அகராதிக்காரருக்கு 3.

ஒரு சுற்று எப்படிப் போகும் என்று பாருங்கள். சொல் ‘கொங்கூஸ்லர்’. வந்த சீட்டுகள்:

எருமையின் கழுத்தில் கட்டும் மரமணி.
கால்வாய்க் கரையில் சும்மா நின்று படகுகளை வேடிக்கை பார்ப்பவர்.
கப்பல் சமையற்காரரின் எடுபிடி.
தொண்டை வறண்டு வரும் இருமல்.

‘கொங்’ என்ற ஓசை மணியை நினைவூட்டுவதால் முதல் சீட்டுக்கு வாக்கு குவியும். மெய் இரண்டாவது. இப்படி ஒரு வேலைக்கு எவன் பெயர் வைத்திருப்பான் என்று நினைத்தே அதை ஒதுக்கிவிடுவார்கள். பினாங்கின் வெல்ட் கீயில் ஃபெர்ரி வந்து போவதைச் சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களைக் கொங்கூஸ்லர் என்று தாராளமாக அழைக்கலாம். கால்வாய் இல்லையே என்று கோபிக்க மாட்டார்கள்.

எங்கே கெட்டுப்போகும்? முதலாவது, மொழி. மெய்ப்பொருள் ஆங்கிலத்திலும் மற்றவை தமிழிலும் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. எல்லாமே தமிழில் இருக்கட்டும். அகராதி நடை மொழிபெயர்ப்பில் கரைந்துபோவதால் மெய்யும் பொய்யும் ஒரே நிறமாகிவிடும். ஆங்கிலத்திலேயே ஆடுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. இரண்டாவது, நீளம். அகராதி விளக்கம் எப்போதும் நீண்டிருக்கும், பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் சுருக்குங்கள். மூன்றாவது, கையெழுத்து. வாசிக்கும்போது தடுக்கினால் அது அடுத்தவன் சீட்டு என்று தெரிந்துவிடும், அதனால் முதலில் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிக்கொள்ள வேண்டும். நான்காவது, எல்லாரும் ‘ஒரு வகை மீன்’, ‘ஒரு வகைச் செடி’ என்றே எழுதுவது. நல்ல பொய் சலிப்பூட்டும் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். ‘ஒரு கருவி’ என்று எழுதாதீர்கள். ‘பீப்பாய் மூடியை நெம்பும் வளைந்த கருவி’ என்று எழுதுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: படிக்கும்போது புரிகிறது, வாய்விட்டுச் சொன்னால் சிரிக்கிறார்கள். உச்சரிப்பை எப்படிச் சரிபார்ப்பது?

கண்ணால் மட்டும் கற்ற சொற்களுக்கு இந்தத் தொல்லை உண்டு, இங்கிலாந்துக்காரனுக்கும் உண்டு. ‘எபிட்டோம்’ இல்லை, எபிட்டமி. ‘ஹைப்பர்போல்’ இல்லை, ஹைபர்பலி. வெல்ட் கீ என்ற பெயரில் உள்ள கீயை எழுத்துப்படி ‘குவே’ என்று வாசிப்பவர்கள் பினாங்கிலேயே இருக்கிறார்கள்.

இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்டு, கேட்டதைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து காதுக்கு உண்மையாக இருக்கும். ஆங்கில எழுத்தில் எல் இருக்கும் பட்டாளப் பதவியை நம் பத்திரிகைகள் ‘கர்னல்’ என்றுதான் போடுகின்றன; அதுதான் சரியான ஒலி. ஆனால் அழுத்தம் தமிழில் எழுத வராது. நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்வோம், ஆங்கிலம் ஒன்றின்மேல் ஏறி உட்காரும். பெட்ரிகோரில் ‘பெட்’ கனம், மற்றவை லேசு. கனமான அசைக்கு அடிக்கோடு போடுங்கள். பெரும்பாலும் சிரிப்பு வருவது எழுத்தால் இல்லை, அழுத்தம் இடம் மாறுவதால்.

கிள்ளானிலிருந்து: ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த சொற்களைச் சேர்க்கிறோம். எவை நிச்சயம்?

கட்டமரான் நம் கட்டுமரம். ஆனால் பொருள் மாறிவிட்டது: நம்முடையது சேர்த்துக் கட்டிய மரங்கள், அவர்களுடையது இரட்டை உடல் கொண்ட படகு. செரூட், சுருட்டு. மல்லிகட்டானி என்ற சூப், மிளகுத்தண்ணி. உப்புத்தாளில் வரும் கடினக் கனிமமான கொரண்டம், குருந்தம்.

மலாய் கொடுத்தவை இன்னும் சுவை. பேங்கோலின் என்ற எறும்புண்ணியின் பெயர் ‘சுருண்டுகொள்வது’ என்ற பொருளில் வந்தது. நாம் ‘காம்பவுண்டு சுவர்’ என்கிறோமே, அந்தக் காம்பவுண்டு பெரும்பாலும் கம்போங்கிலிருந்து போனது என்கிறார்கள். கோடவுன் மலாயின் குடாங் வழியாகப் போனது, அதன் வேர் நம் கிடங்கிலோ தெலுங்கிலோ இருக்கலாம். சொல்லின் பயணம் இரண்டு பக்கமும் உண்டு: நம் ஜன்னலும் மலாயின் ஜென்டெலாவும் போர்ச்சுகீசிய ‘ஜனெலா’தான். ஒருவரைச் சன்னல் வழியாகத் தூக்கி எறிவதற்கு ஆங்கிலத்தில் ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ என்ற சொல் இருக்கிறது, 1618இல் பிராக் நகரில் அப்படி எறிந்தது பிரபலம்.

ஒரு எச்சரிக்கை. காசுதான் ‘கேஷ்’ ஆனது என்று அடித்துச் சொல்லாதீர்கள். கீழ்நாட்டுச் சிறு செப்புக்காசைக் குறித்த பழைய ‘கேஷ்’ நம் காசு. ரொக்கம் என்ற பொருளில் உள்ள ‘கேஷ்’ பிரெஞ்சு, இத்தாலியப் பணப்பெட்டியிலிருந்து வந்தது. ஒரே எழுத்து, இரண்டு சொற்கள். ‘ஒன்று’, ‘ஒன்’ வெறும் தற்செயல். ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது; எந்த வழியாகப் போனது என்று காட்ட முடிய வேண்டும்.

சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்கில் படிக்கும் மாணவர்: அகராதியில் இருந்தால் நம்பலாம்தானே சார்?

பெரும்பாலும். ஆனால் 1934 வெப்ஸ்டர் அகராதியில் ‘டோர்ட்’ என்று ஒரு சொல் ஏறியது, பொருள் அடர்த்தி. அப்படி ஒரு சொல்லே கிடையாது. ‘பெரிய டி அல்லது சிறிய டி, அடர்த்தியின் சுருக்கக் குறி’ என்று சொன்ன சீட்டில் ‘டி ஆர் டி’ என்று இருந்ததைச் சேர்த்து ஒரே சொல்லாக வாசித்துவிட்டார்கள். கண்டுபிடிக்க 1939 ஆயிற்று. சமூக ஊடகத்தில் அழகான படத்தோடு வரும் ‘அரிய சொல்’லுக்கு இரண்டு தனித்தனி அகராதி, எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று, இவை கிடைத்தால் மட்டும் குழுவில் சேருங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து: ஸ்கிராபிளில் கியூ வந்து யூ வராவிட்டால்?

கியூ-ஐ. இதை மனப்பாடம் செய்யாமல் உட்காரவே கூடாது. எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் கியூ விழுந்து, கிடையாகவும் நெடுகவும் கியூ-ஐ அமைந்தால் 31ம் 31ம் 62. அடுத்து கியூ-ஏ-டீ (QAT). கல்யாணம் பதிவு செய்யும் காடியை கியூ-ஏ-டி-ஐ (QADI) என்று போடலாம், 14 புள்ளி. பக்கிரி எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர், 17. பொருள் தெரிய வேண்டிய அவசியமில்லை: மலேசியாவில் வசித்த நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அதனால்தான் ஸ்கிராபிளைச் சொல் கற்கும் வழியாக நான் பரிந்துரைப்பதில்லை. அது வேறு விளையாட்டு.

எஸ்.பி.எம். மாணவி: கட்டுரையில் இந்தச் சொற்களைப் போடலாமா?

வேண்டாம், தங்கச்சி. அரிய சொல் தவறுவது பொருளில் குறைவு, துணைச்சொல்லில் அதிகம்: எதோடு சேர்ந்து வரும், எதோடு வராது என்பது நூறு வாக்கியம் படித்தால்தான் பிடிபடும். ஓவர்மாரோவை எழுதினால் பிழை என்றே நினைப்பார்கள்.

பங்சாரிலிருந்து: அலுவலகக் கூட்டாளிகள் ‘ஓவர் சீன்’ என்கிறார்கள்.

சொல் நீளமாக இருந்திருக்கும். ‘ஃபிளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்’ 29 எழுத்து. அதைச் சொல்வதில் சொல்கிறவனுக்கு மட்டும்தான் குஷி. சாப்பாட்டுக்கு முன் வயிறு கடமுடவென்றால் ‘பார்பரிக்மஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் விளக்கம் கேட்கவே மாட்டார், சத்தமே விளக்கிவிடும்.

கெப்போங்கிலிருந்து: நம் ஊர் ஆங்கிலம் கணக்கில் வருமா?

வரும். ஆக்ஸ்போர்டு அகராதி ‘லெப்பாக்’கை 2016இலும் ‘அலாமாக்’, ‘தாப்பாவ்’ இரண்டையும் 2025இலும் ஏற்றிவிட்டது. லண்டன்காரனுக்குத் தாப்பாவ் அபூர்வச் சொல். அடுத்த ஃபிக்‌ஷனரியில் வெளியூர்க்காரர் யாராவது இருந்தால், பொருள் தெரிந்தால் சொல்லை மாற்றும் விதியை அந்த ஒரு சுற்றுக்குத் தள்ளிவைத்து, அதை எடுத்துப் போடுங்கள். உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் பொய் எழுத வேண்டியிருக்கும், சிரிக்காமல் எழுதுவதுதான் கஷ்டம்.