பூனைக்கு ஓர் அறை: கேட்டவர்களுக்குப் பதில்

இருபது வருடங்களாக மட்டக்களப்புக் கல்லடியில் பூனைகளோடு வாழ்கிறேன். நான் மிருக வைத்தியர் அல்ல. நோயுற்ற பூனைகளைக் கூடையில் வைத்து வைத்தியரிடம் அலைந்து கற்றவற்றையே சொல்கிறேன்.

ஆரையம்பதி: சந்தையடியில் கிடந்த பூனையைக் கொண்டுவந்து அறையில் விட்டோம். இரண்டு நாளாகக் கட்டிலுக்கடியை விட்டு வரவில்லை. "பாவம், திறந்து விடு" என்கிறார் அம்மா.

திறக்காதீர்கள், தங்கை. இப்போது அதற்குக் கட்டிலடிதான் வீடு. முழு வீட்டையும் ஒரே நாளில் காட்டினால் மிரண்டு கூரைவழியே ஓடிவிடும். திரும்பி வர வழியும் தெரியாது. ஒரு வாரம் ஆகலாம், சில பூனைகளுக்கு இரண்டு வாரமும் பிடிக்கும். கைநீட்டி இழுக்க வேண்டாம். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு வாசல் வெட்டி வையுங்கள். நிலத்தில் உட்கார்ந்து, அதன் பக்கம் பாராமல் பத்திரிகை வாசியுங்கள். சூடை மீனை உப்பும் புளியும் இல்லாமல் அவித்து, முள் நீக்கி வைத்தால் மணம் பிடித்து வரும். பகலில் வராவிட்டாலும் பரவாயில்லை, விடியும்போது கோப்பை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முழு நாளும் எதையும் தின்னவில்லை என்றால் வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரல் கெடத் தொடங்கலாம். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

காத்தான்குடி: கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்தது. அறையில் வைக்கச் சொன்னார்கள். இரவெல்லாம் கதவைப் பிறாண்டிக் கத்துகிறது. வலிக்கு பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கலாமா?

பனடோல் வேண்டவே வேண்டாம். மனிதனுக்கு மருந்தான அது பூனைக்கு நஞ்சு. ஒரு குளிசையே கொன்றுவிடும். வைத்தியர் தந்த மருந்து மட்டும் போதும். காயம் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை அலுமாரியிலும் மேசையிலும் பாயாதபடி அறையை ஒழுங்கு செய்யுங்கள். கத்தும்போது கதவைத் திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்று படித்துக்கொள்ளும். படுக்கப் போகுமுன் சாப்பாடு கொடுத்துச் சிறிது நேரம் பக்கத்தில் இருந்து தடவிவிடுங்கள்.

கல்முனை: மகள் கர்ப்பிணி. பூனையின் மணல் தட்டு அறையிலேயே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

தட்டை மகள் தொடாமல் இருக்கட்டும். வேறொருவர் தினமும் மலத்தை அள்ளட்டும். பூனை மலத்தில் வரக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும், அதனால்தான் தினமும் என்கிறேன். தட்டைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு எதிர் மூலையில் வையுங்கள். பூனையைத் துரத்த வேண்டாம்.

களுவாஞ்சிகுடி: தெருவில் வாகனம் அதிகம். ஆயுள் முழுக்க ஓர் அறையில் வளர்க்கலாமா?

இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது, ஏனென்றால் நானே ஒரு தவறு செய்தேன். ஒரு பெண் பூனையைச் சாமான் அறையில் மாதக்கணக்கில் வைத்திருந்தேன். சோறும் தண்ணீரும் குறைவின்றி வைத்தேன். அது வயிற்று மயிரை நக்கி நக்கியே உதிர்த்துவிட்டது. நோயைத் தேடிய வைத்தியர், கடைசியில் கேட்டது அறையில் யன்னல் உண்டா என்பதைத்தான். யன்னலோரம் பலகை அடித்து, கம்பி வலை போட்டு, ஏறப் படிபோல இரண்டு தட்டு வைத்து, மாலையில் கயிற்றை இழுத்து விளையாடினோம். மெல்ல மெல்ல மயிர் வளர்ந்தது. வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது நல்லதுதான், ஆனால் முடிந்தால் வீடு முழுவதையும் கொடுங்கள். ஓர் அறைதான் என்றால் உயரமும் யன்னலும் உங்கள் நேரமும் வேண்டும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை அறையில் மதியம் பூட்டி வைக்காதீர்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து.

அக்கரைப்பற்று: இப்போதுதான் கவனித்தேன். கடுவன் பூனை, காலையிலிருந்து மணல் தட்டில் போய்க் குந்துகிறது. சிறுநீர் ஒரு துளியும் இல்லை. நாளைவரை பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம், தம்பி. சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். கடுவனுக்கு ஓரிரு நாளில் உயிர் போகும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், கைமருந்தும் வேண்டாம். கூடையில் வைத்துத் துணியால் மூடி இப்போதே வைத்தியரிடம் புறப்படுங்கள்.