அந்தப் புத்தகத்தில் அழுகை எங்கே?

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் சொன்னீர்களே என்று கேரளப் பாலியல் தொழிலாளி நளினி ஜமீலாவின் சுயசரிதையைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றம்தான். இவ்வளவு பட்டிருக்கிறார், ஆனால் எங்கேயும் உடைந்து அழவில்லை. 'இந்தத் தொழிலுக்கு வந்தது தப்பு' என்று ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு, இது வேறொருவர் எழுதிக்கொடுத்தது என்றும் கேள்விப்பட்டேன். அப்புறம் எப்படி நம்புவது? என் கல்லூரி மாணவிகளுக்கு இதைக் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள தங்கைக்கு,

எழுதிக்கொடுத்த விஷயத்தை முதலில் பேசிவிடலாம். நளினி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2005-ல் மலையாளத்தில் வந்த முதல் வடிவம், அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது, உண்மைதான். நூறு நாளில் 13,000 பிரதிகள் விற்றன. அப்படிப் பரபரப்பாக விற்ற புத்தகத்தைப் பார்த்து, 'இது என் குரலாக இல்லை' என்றார் அவர். வேறு நண்பர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி சொல்லி, இரண்டாவது வடிவத்தைக் கொண்டுவந்தார். ஜெ. தேவிகா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது அந்த இரண்டாவதைத்தான். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் தன் புத்தகத்தையே வேண்டாம் என்று சொல்ல எத்தனை எழுத்தாளர்களுக்கு மனம் வரும்? எனக்கு வருமா என்று தெரியவில்லை. அவருடைய வாழ்க்கை என்று நம்ப எனக்கு இதுவே போதும்.

சரி, அழுகைக்கு வருவோம். ஐந்து ரூபாய் வரும் இடத்தை இன்னொரு முறை படியுங்கள். திருச்சூர் பக்கம் கல்லூரில் பிறந்து, சின்ன வயதிலேயே களிமண் எடுக்கும் வேலைக்குப் போன பெண். அவருக்கு 24 வயதாகும்போது கணவர் இறந்துவிடுகிறார், கையில் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாளைக்கு 5 ரூபாய் கொடு என்கிறார் மாமியார். நாள் முழுக்க மண் சுமந்தாலும் ஒரு பெண்ணின் கூலி அதை எட்டாது. நளினி இந்தக் கணக்கை ஒப்பாரி இல்லாமல், வீட்டுச் செலவு எழுதுவதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டவே நேரமாயிற்று.

அடுத்து, அந்த ஐந்து ரூபாய்க்காக இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாள் இரவு. வந்தவர் ஒரு போலீஸ் அதிகாரி. இரவெல்லாம் பிரியமாக இருந்தவர், விடிந்ததும் அவரே பிடித்துக் கொடுக்கிறார். ஸ்டேஷனில் அடி விழுகிறது. இதில் வருந்த வேண்டியவர் யார், தங்கச்சி? நளினியிடம் மட்டும் ஏன் வருத்தத்தைக் கேட்கிறோம்? அவர் அழுதிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். 'ஐயோ பாவம்' என்று சொல்லிப் புத்தகத்தை மூடியிருப்போம். அவரோ, எங்களை மீட்க வராதீர்கள், அடிக்காமல் இருங்கள் என்கிறார். கேரளப் பாலியல் தொழிலாளர் அமைப்பில் முன்னின்று அவர் பேசியதும் இதைத்தான்.

'மீட்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கூசும். 'விபச்சாரப் புரோக்கர் கைது, 3 அழகிகள் மீட்பு' என்று நம் பத்திரிகைகளில் எத்தனை செய்தி பார்த்திருப்பீர்கள்! ஒரு பத்திரிகையில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் தலைப்பில் ஒற்று மிகுமா என்று மட்டும் பார்த்து அனுப்பியிருக்கிறேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, கால் செருப்பு மட்டும் தெரிய நிற்கும் பெண்களின் படமும் கூடவே போகும். அந்தச் செருப்புகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகவே சொன்னது. சோதனையின்போது இந்தப் பெண்களின் படமும் அடையாளமும் வெளியே வரக்கூடாது. ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக்கூடாது. போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும். ஆனால் பாலியல் தொழில் தொடர்பான 1956-ம் வருடச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. இந்தத் தொழில் செய்யும் பெண்ணின் சம்பாத்தியத்தில் வாழ்பவர் 18 வயதைத் தாண்டியிருந்தால் அதன்படி குற்றவாளி. அந்தச் சட்டத்தில் புரோக்கரும் மாட்டுவார், அவள் காசில் கல்லூரிக்குப் போகும் மகனும் மாட்டலாம்.

ஒன்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்ட சிறுமிகளின் கதை வேறு. அங்கே மீட்பு வேண்டும், உடனே வேண்டும். நளினியின் புத்தகத்தைக் காட்டி அதை மூடி மறைக்க முடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்காமல் போகிறது.

மாணவிகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். வகுப்பில் முதலில் அந்த ஐந்து ரூபாய்ப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பவள் எங்கே நிறுத்துகிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா