டெவ் கிட் கேட்கும் மகனைப் பற்றி ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன், கேம் கன்சோலின் (டிவியில் இணைத்து வீடியோ கேம் விளையாடும் பெட்டி) பழைய 'டெவ் கிட்' ஒன்றை யாரோ விற்பதாகச் சொல்லி, போச்சம்பள்ளித் தோப்பின் மாங்காய்ப் பணத்திலிருந்து அறுபதாயிரம் ரூபாய் கேட்பதாகவும், அது கையில் இருந்தால்தான் வீடியோ கேம் துறையில் வேலை கிடைக்கும் என்று வாதிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஆனால், விளையாட்டுப் பித்து என்று சொல்லித் தம்பியின் ஆர்வத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம்; பெரும்பாலான பிள்ளைகள் விளையாட்டைக் கேட்கும் வயதில் இவர் அதை உருவாக்கும் கருவியைக் கேட்கிறார் என்பதை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

அது என்ன பொருள் என்பதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. கடையில் விற்கும் கன்சோல், அதைத் தயாரித்த நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் பெற்ற விளையாட்டுகளை மட்டுமே ஏற்கும். பாதி எழுதி முடித்த விளையாட்டுக்கு அந்தக் கையொப்பம் இருக்காது என்பதால், உருவாக்குபவர்களுக்கென்றே தனியாகச் செய்யப்படும் கருவிதான் டெவ் கிட். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, நினைவகத்தின் எந்த இடத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதைப் பக்கத்துக் கணினியிலிருந்து பார்க்க அது இடம் கொடுக்கும். பிழை தேடும் மென்பொருளுக்கும் இடம் வேண்டியிருப்பதால் அதில் நினைவகம் கூடுதலாக இருக்கும். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் 64 மெகாபைட் என்றால் அதன் டெவ் கிட்டில் 128, 2017-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸில் 12 ஜிகாபைட் என்றால் அதன் டெவ் கிட்டில் 24.

டெஸ்ட் கிட் என்பது வேறு. அது கையொப்பமில்லாத விளையாட்டையும் ஓட்டும், ஆனால் மற்றபடி வாடிக்கையாளர் வீட்டுக் கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும். கூடுதல் நினைவகத்தில் நன்றாக ஓடிய விளையாட்டு, வாங்கியவர் வீட்டில் பாதியில் நின்றுவிடக் கூடாது அல்லவா? சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கன்சோல் காலத்தில் இந்தச் சோதனைக் கருவி நீல நிறப் பெட்டியாக வந்தது. கடையில் விற்ற சாம்பல் நிறப் பெட்டி ஏற்காத, அலுவலகத்திலேயே பதிவு செய்த குறுந்தகட்டை அந்த நீலப் பெட்டி ஏற்றுக்கொண்டது.

இந்தக் கருவிகளைச் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டென்டோ ஆகிய நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்ட உருவாக்குநர்களுக்கு மட்டுமே தருகின்றன. பிளேஸ்டேஷன் 3-இன் டெவ் கிட் 2007-இல் 10,250 டாலராகவும், 2009-இல் 2,000 டாலராகவும் விலை குறைக்கப்பட்டபோதும், உரிமம் பெற்றவர்தான் அதை வாங்க முடிந்தது. பொதுவாகக் கருவி, அதைக் கொடுத்த நிறுவனத்துக்கே சொந்தமாக இருக்கும். ரகசிய உடன்படிக்கையின் கீழ் வரும். வேலை முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். ஆகவே, வெளியில் விற்பனைக்கு வரும் பெட்டி எந்த வழியில் வெளியே வந்தது என்று நாம் யோசிக்க வேண்டும். உரிய மென்பொருளை உரிமம் இல்லாதவர் முறைப்படி பெற வழியும் இல்லை. நாளை ஒரு நேர்காணலில் "இது எப்படி உங்களிடம் வந்தது?" என்று கேட்டால், தம்பிக்கு அது தகுதியாக அல்ல, கேள்விக்குறியாகவே முடியும்.

அந்தப் பெட்டியில் மந்திரம் எதுவும் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-க்கான உண்மையான வன்பொருள் தயாராவதற்கு முன், உருவாக்குநர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்தது ஆப்பிளின் பவர் மேக் ஜி5 கணினிகளைத்தான். இரண்டிலும் கணக்கிடும் சில்லு (பிராசஸர்) ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்ததால் அதுவே அன்றைக்குப் போதுமாக இருந்தது. 2016 முதல், கடையில் வாங்கும் எக்ஸ்பாக்ஸையே உருவாக்குநர் நிலைக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் வழங்குகிறது. டெவ் கிட்டின் முழுத் திறனும் அதில் கிடைக்காது என்றாலும் கற்பவருக்கு அது தாராளம். கன்சோலே இல்லாமல், விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ (Godot) என்ற இலவச மென்பொருளைக் கொண்டு சாதாரணக் கணினியிலும் தொடங்கலாம்.

இனி வேலை, குறிப்பாக விளையாட்டில் பிழை தேடும் சோதனையாளர் வேலை. விளையாட்டைச் சோதிப்பவர் நாள் முழுவதும் விளையாடுகிறார் என்ற எண்ணத்தோடு வருகிற மாணவர்களைத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நான் நிறையப் பார்க்கிறேன். உண்மையில் அவர் ஒரே கதவை நூறு முறை திறப்பார். ஆட்டத்தின் நடுவில் கன்ட்ரோலரின் இணைப்பைத் துண்டிப்பார். சேமிப்பு நடக்கும் நொடியில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவார். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்பதை வரிசையாக ஆங்கிலத்தில் எழுதி வைப்பார். கன்சோல் நிறுவனங்கள் விதிக்கும் தொழில்நுட்ப நிபந்தனைகளில் விளையாட்டு தேறாவிட்டால் வெளியீடே தள்ளிப்போகும் என்பதால், இது மதிப்புள்ள வேலைதான். ஆனால் பல இடங்களில் ஒப்பந்த அடிப்படையில்தான் ஆள் எடுக்கிறார்கள், வெளியீடு நெருங்கும் வாரங்களில் வேலை நேரம் நீளும், எந்த விளையாட்டில் வேலை செய்கிறார் என்பதைப் பெற்ற தாயிடம்கூட அவர் சொல்ல முடியாது. அதை இப்போதே நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இதனால்தான், சோதனையாளர் வேலையை மட்டும் குறியாக வைத்து ஏதாவது குறுகிய காலப் பயிற்சியில் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. பொறியியல் கலந்தாய்வில் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் அல்லது கணினி அறிவியல் எடுக்கட்டும். உங்களுக்கு அருகிலேயே 1994-இல் தொடங்கிய பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தருமபுரியில் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் நடைமுறையில் உள்ள, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை அவர் நிச்சயமாகப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் அதில் சேருபவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

மின்னணுவியலை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடும் நிரலை நிறுத்தி நினைவகத்தைப் பார்ப்பது என்று மேலே எழுதினேனே, வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுப் பெட்டியைச் சோதிக்கும் பொறியாளரும் அதைத்தான் செய்கிறார். ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகள் இருக்கின்றன; அங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் வாகன மின்னணு நிறுவனங்களும் இருக்கின்றன, ராக்ஸ்டார் போன்ற விளையாட்டு நிறுவனத்தின் கிளையும் இருக்கிறது. இந்தத் திறன் கையில் இருந்தால் ஒரு கதவு மூடினாலும் ஊரைச் சுற்றியே வேறு கதவுகள் இருக்கும்.

அறுபதாயிரத்துக்குப் பதிலாகச் சில ஆயிரம் ரூபாய்க்குள் எஸ்டிஎம்32 நியூக்ளியோ (STM32 Nucleo) என்ற, நிரல் எழுதிப் பழகுவதற்கான சிறு மின்னணுப் பலகை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பிழை தேடும் கருவி அந்தப் பலகையிலேயே இணைந்திருக்கிறது. கணினியில் யூஎஸ்பி வழியாகச் செருகினால், டெவ் கிட்டில் செய்ய நினைத்த அதே வேலையைச் சிறிய அளவில் வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம். பொதுத்தேர்வு முடிந்த பிறகு வாங்கினால் போதும்.

விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்வதற்கு முன் இருவரும் ஒருமுறை நேரில் வாருங்கள். வரும்போது, தம்பி கைபேசியில் விளையாடும் ஏதாவது ஓர் இலவச விளையாட்டில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, எந்தக் கைபேசி, எந்தப் பதிப்பு, எந்தெந்த வரிசையில் எதைத் தொட்டால் அது வருகிறது, பத்து முறை முயன்றால் எத்தனை முறை வருகிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவரட்டும். அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் நான் படிப்பேன்.