கடலை ஒட்டிய ஊரில்கூட மழையே பெய்யாமல் இருக்குமா?

இருக்கும். சிலி நாட்டின் வட முனையில் அரிக்கா என்றொரு துறைமுகம். பசிபிக் கடல் காலடியிலேயே கிடக்கிறது. ஆனால் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, 14 ஆண்டுக்கும் மேலாக, அங்கே மழையே பதிவாகவில்லை. மேகாலயாவின் மௌசின்ராமிலோ ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது.

மழைக்கு ஈரம் மட்டும் போதாது. ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். மௌசின்ராமில் வங்கக் கடலிலிருந்து வரும் காற்றைக் காசி மலைத்தொடர் மேலே தள்ளிவிடுகிறது. அரிக்காவில் நேர்மாறு. ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டத்தைத் தொட்ட காற்று கனத்துக் கீழேயே தங்கிவிடும். ஃபிரிட்ஜைத் திறந்தால் குளிர் பாதத்தில்தானே முதலில் படுகிறது, அதுபோல. அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல உட்கார்ந்திருக்கும். கிழக்கிலிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் மலை மறித்துவிடுகிறது. மிஞ்சுவது மூடுபனிதான், வட சிலியின் கரையோரத்தில் அதையும் வலை கட்டிப் பிடித்துக் குடிநீராக்கியிருக்கிறார்கள்!

அப்புறம், மழை கொட்டும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். மௌசின்ராமுக்குப் பக்கத்துச் சிரபுஞ்சியில் குளிர்கால மாதங்களில் தண்ணீருக்கு அலைகிறார்கள். பெய்ததெல்லாம் சரிவில் இறங்கி வங்கதேசச் சமவெளிக்குப் போய்விடுகிறது.