நந்தியாவட்டைக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: நந்தியாவட்டையில் கண்ணும் கொம்பும் உள்ள பெரிய பச்சைப் புழுக்கள் கொப்புகளை மொட்டையாக்குகின்றன. கொட்டுமா? என்ன மருந்து அடிக்கலாம்? இன்னொன்று: விறாந்தைச் சுவரில் பச்சையும் ரோசாவுமாக ஓர் அழகான பூச்சி இருந்தது. அதன் பெயர் என்ன?
– வாசகி, மல்லாவி

பதில்: கொல்ல வழி கேட்டதும் பெயர் கேட்டதும் ஒரே உயிருக்குத்தான். அது அலரி அந்து: செடியில் தின்பது புழு, சுவரில் இருந்தது அது வளர்ந்து ஆன அந்துப்பூச்சி. 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வைத்த அறிவியற் பெயரிலும் 'நேரி' என்று, அலரியின் இலத்தீன் பெயரில், அலரி இருக்கிறது. நந்தியாவட்டையும் அலரிக் குடும்பம்தான்.

அந்தக் 'கண்' கண்ணல்ல, மார்பில் உள்ள நீல வெள்ளைப் பொட்டு. தொட்டால் தலையை உள்ளிழுத்துப் பொட்டை உப்பிக் காட்டும். குருவி பாம்பென்று நினைக்கட்டும் என்றுதான். வால் பக்கத்து மஞ்சள் கொம்பு கொட்டாது. உடம்பில் மயிர் இல்லை, ஆகவே மயிர்க்கொட்டி பட்டதுபோல் கடிக்காது. அலரிப் பால்தான் நஞ்சு. இலை பிடுங்கினால் கையைக் கழுவுங்கள், கிள்ளியதை ஆடு மாடு தின்னுமிடத்தில் போடாதீர்கள்.

மூன்று அங்குலம் வளர்ந்த புழு தின்று முடிக்கும் தறுவாயில் இருக்கிறது. சில நாளில் பச்சை போய்க் கபில நிறமாகி, தானாக இறங்கிச் சருகுக்குள் நுழைந்துவிடும். முதல் நாள் மருந்தடித்தவர் அது மருந்தின் வேலை என்று நினைப்பார்! செடி திரும்பத் துளிர்க்கும். மருந்து பட்ட பூவையோ நீங்கள் சாமிப் படத்துக்கு வைப்பீர்கள்.

கண்டிப்பாக அகற்றத்தான் வேண்டுமென்றால், நிலத்தில் மிளகு போலக் கறுத்த எச்சம் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள். இலையோடு கிள்ளி வேலி அலரியில் விடுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட வளர்ப்பதானால் அகன்ற பெட்டி, வாய்க்கு வலைத்துணி, அடியில் இரண்டு விரல் உயரம் காய்ந்த சருகு, தினமும் புது இலை. மூடியை இறுக்கினால் உள்ளே வேர்த்து, எச்சம் பூஞ்சணம் பிடித்துப் புழு செத்துவிடும். கூட்டுப்புழுவாக ஏறத்தாழ இரண்டு கிழமை கிடக்கும், கிளறாதீர்கள். சொரசொரப்பான தடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். வெளிவரும் அந்து அதில் ஏறித் தொங்கித்தான் சிறகை விரிக்கும். வழுக்கும் பிளாஸ்ரிக்கில் விழுந்தால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு பறக்காது.

விரித்தால் சிறகு நாலு அங்குலம் வரும். பச்சைக்குள் பச்சை, நடுவே ரோசா அலை: ஆமி உடுப்புப் போலத்தான், ஆனால் இதற்குப் பயப்பட வேண்டாம். பொழுதுபட மல்லிகையடியில் நின்று பாருங்கள், அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்க வரும். விறாந்தை லைற்றை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூவை விட்டு அதைத்தான் சுற்றும்.